பழைய மின்சார ஓர்கனின் திறந்த பின்புறத்தை மூடப் போகிறவர்களுக்கு

பழைய மின்சார ஓர்கன் ஒன்றின் பின்புறம் திறந்து கிடக்கிறது, அதை எப்படி மூடலாம் என்று மட்டக்களப்பில் யாரிடம் கேட்டாலும், "ஒரு பலகையை வெட்டி அடித்துவிடுங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். அப்படி அடிக்கப்பட்ட ஒரு பலகையால் எங்கள் தேவாலயம் ஒரு நத்தாரை ஓர்கன் இல்லாமல் கழித்தது. ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது. ஓர்கன் வாசிப்பவள் என்ற முறையில் அதைத் திருத்தி எடுக்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது. எனக்குச் சொல்லித்தர அப்போது எவரும் இருக்கவில்லை. இதே நிலையில் இன்னொருவர் நின்று திணறக் கூடாது என்பதற்காக, நடந்ததையும் தெரிந்துகொண்டதையும் விரிவாக எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஹேமண்ட் நிறுவனத்தின் எம்-100 வரிசை ஓர்கன். 1961இல் வெளிவரத் தொடங்கிய இந்த வரிசையில் கைகளுக்குத் தலா 44 கட்டைகள் கொண்ட இரண்டு அடுக்குகளும், கால்களுக்கு 13 மிதிகட்டைகளும், பெட்டிக்குள்ளேயே ஒலிபெருக்கியும் உண்டு. இன்றைய கீபோர்டை மட்டும் பார்த்துப் பழகியவர்கள், இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்ட பின்னரே பின்புறத்தில் கை வைக்க வேண்டும். உள்ளே ஒரு மோட்டர் ஓயாமல் சுழல்கிறது. அது பல் வைத்த சிறிய இரும்புச் சக்கரங்கள் பலவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழற்றுகிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் எதிரே கம்பிச்சுருள் சுற்றிய காந்தம் ஒன்று இருக்கிறது. பற்கள் அதைக் கடந்து செல்லும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. அதை நாம் கேட்கும் அளவுக்குப் பெருக்குபவை கண்ணாடி வால்வுகள். வாசிக்கும்போது பெரிய வால்வுகளின் கண்ணாடி கொதிநீரைவிட மிக அதிகமாகச் சூடாகும். பக்கத்திலிருக்கும் ட்ரான்ஸ்போமரும் மோட்டரும் தம் பங்குக்குச் சூடாகும். இந்தச் சூடெல்லாம் வெளியேறுவதற்குத் திறந்த பின்புறத்தைத் தவிர வேறு பெரிய வழி கிடையாது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்பக்கம் அனுப்பும் ஒலியைப் பின்பக்கமும் அனுப்புகிறது. அந்த ஒலிக்கும் அதுவே வழி.

மூட வேண்டும் என்று தேவாலயக் குழு நினைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. வாசிப்பவருக்குப் பலிபீடம் தெரிய வேண்டும் என்பதற்காக ஓர்கன் திரும்பி நிற்கிறது. அதனால் அதன் பின்புறம் சபையைப் பார்த்தபடி இருக்கும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது உள்ளே கை விட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கே இருந்தது. கூரையிலிருந்து எலி இறங்கும். குளவி மண்கூடு கட்டும். புளியந்தீவில் வாவிக்கரையை அண்டிய கட்டடம் என்பதால் உப்பும் ஈரமும் கலந்த காற்று நாள் முழுவதும் வீசும். நான் கொழும்பில் மகளின் வீட்டில் நின்ற நாட்களில், கூரை திருத்த வந்த ஒப்பந்தக்காரரிடமே இந்த வேலையும் ஒப்படைக்கப்பட்டது. அவர் உட்பக்கம் பொலித்தீன் தாள் விரித்து, அதன் மேல் பிளைவூட் பலகையை மேலிருந்து தரைவரை வைத்து, சுற்றிவர ஆணி அடித்து, வார்னிஷும் பூசிவிட்டார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பிய பின் வாசித்த முதல் ஆராதனையிலேயே ஒலி மாறியிருப்பது எனக்குத் தெரிந்தது. மிதிகட்டைகளின் தாழ்ந்த சுரங்கள் பெட்டிக்குள் முட்டி முழங்கின. மேற்சுரங்களின் தெளிவு போய்விட்டது. ஆராதனை முடிந்து மேல்மூடியில் கை வைத்தபோது, அதன் சூடு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. பலகையைக் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். புதிதாகச் செய்த வேலையை உடனே பிரிக்க வேண்டாம், நத்தார் முடியட்டும் என்றார்கள். மாரி தொடங்கி யன்னல்களெல்லாம் சாத்தியிருந்த ஒரு மாலையில், பாடகர் குழுவின் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் ஒரு முனகல் எழுந்து மெல்ல மெல்லப் பெருகியது. அதைத் தொடர்ந்து தார் உருகுவது போன்ற மணம் வந்தது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பின்னும் பலகை இடுக்கால் புகை கசிந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, தீயணைக்கும் மணல் வாளியோடு அந்த ஓர்கனுக்குப் பக்கத்தில் நின்ற நேரம் என் வாழ்க்கையில் மிகவும் நீண்ட நேரங்களில் ஒன்று. பலகையும் மரப்பெட்டியும் பொலித்தீனும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் இடத்தில் தீப்பற்றினால், பழைய மரக்கூரை கொண்ட கட்டடம் என்ன ஆகும் என்பதைத் தவிர வேறொன்றையும் என்னால் நினைக்க முடியவில்லை.

மறுநாள் ஓடாவியார் ஒருவரை அழைத்துவந்து ஆணிகளைப் பிடுங்குவித்தேன். பொலித்தீன் தாள் வால்வுகளின் பக்கம் உள்வாங்கி உருகி, ஒரு வால்வின் கண்ணாடியில் கருந்தோலாக ஒட்டியிருந்தது. பொலித்தீன் 110 முதல் 130 பாகை செல்சியஸுக்குள் உருகிவிடும். சூடான வால்வுக்கு எதிரே அது நிற்கவே முடியாது. ட்ரான்ஸ்போமரின் அடியில் அதன் உள்ளிருந்த காப்புப் பசை வழிந்து இறுகியிருந்தது. பெட்டியின் அடித்தளத்தில், ஞானப்பாட்டுப் புத்தகத்தின் தாள்களைப் பொடிப்பொடியாகக் கிழித்து ஒரு எலிக்கூடு கட்டப்பட்டிருந்தது. பலகை அடித்தும் எலி உள்ளே போயிருக்கிறது. மிதிகட்டைகள் உள்ளே நுழையும் முன்பக்க இடைவெளிதான் அதன் வாசல். பின்புறத்தை இறுக்கி மூடியதில், பூனையும் வெளிச்சமும் வராத பாதுகாப்பான ஒரு வீடுதான் எலிக்குக் கிடைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படியான ஓர்கன் சூடேறி உடனே எரிந்துபோவது எப்போதும் நடப்பதில்லை; மெதுவாகக் கெட்டுப்போவதுதான் பெரும்பாலும் நடக்கும். உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உருளை வடிவக் கொண்டென்சர்கள் சூட்டை விரும்பாதவை. இயங்கும் வெப்பநிலை 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது மின்னணுத் தொழிலில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. ஐம்பது, அறுபது வருடம் பழைய கொண்டென்சர்கள் ஏற்கெனவே ஆயுளின் கடைசியில் இருப்பவை. அவற்றில் ஒன்று கசியத் தொடங்கினால் ட்ரான்ஸ்போமர் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டி வரும், அதனால் இன்னும் சூடாகும். எங்களுக்கு நடந்தது அதுதான். ஒலிபெருக்கியில் முனகல் கேட்கத் தொடங்கிய உடனேயே பிளக்கைக் கழற்றுங்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

திருத்துவதற்கு ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. ஊரில் பழைய வால்வு ரேடியோக்கள் திருத்திய பெரியவர் ஒருவர், வயது காரணமாக வேலையை விட்டிருந்தாலும், வந்து பார்த்து எது எது போய்விட்டது என்று எழுதித் தந்தார். ட்ரான்ஸ்போமரைக் கொழும்புக்கு அனுப்பி மீளச் சுற்றுவித்ததற்கு 28,000 ரூபாய். வால்வுகளும் கொண்டென்சர்களும் வெளிநாட்டிலிருந்து வந்தன. அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்த்து 64,000 ரூபாய். கொழும்பிலிருந்து வந்து பூட்டித் தந்த தொழில்நுட்பவியலாளரின் கூலியும் பயணமும் 35,000 ரூபாய். புதிய மின்கம்பி, பியூஸ், சில்லறைச் சாமான்கள் 14,000 ரூபாய். மனத்தை மிகவும் வருத்தியது காத்திருப்புத்தான். நத்தார் இரவு ஆராதனையில் கீர்த்தனைகளைக் கைத்தாளத்தோடு பாடினோம். உயிர்த்த ஞாயிறுக்குச் சற்று முன்னர்தான் ஓர்கன் மீண்டும் ஒலித்தது.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய ஓர்கனை வைத்திருப்பவர்கள், எதையும் செய்ய முன்னர் பின்புறத் தகட்டில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். எங்களுடையதில் 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறது, அது இலங்கைக்குப் பொருந்தும். கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். கடையில் விற்கும் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றளவை மட்டுமே குறைக்கும்; மீடிறன், அதாவது ஹேர்ட்ஸ் அளவு, 50ஆகவே இருக்கும். சக்கரங்களைச் சுழற்றும் மோட்டரின் வேகம் மீடிறனைப் பின்பற்றுவதால், ஓர்கன் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடி, எல்லாச் சுரங்களும் மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று மேல் இறங்கி ஒலிக்கும். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த ட்ரான்ஸ்போமர் 50 ஹேர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதும் உண்மை. அப்படியான ஓர்கனின் பின்புறத்தை மூடுவதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இனி உயிர் சம்பந்தமான விடயம். வால்வுப் பெருக்கியின் உள்ளே 300 வோல்ற் அளவிலான நேர் மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னரும் கொண்டென்சர்களில் அது தேங்கி நிற்கலாம். ஆகவே மூடிக்கு அளவெடுப்பதற்காக நாடாவை உள்ளே நீட்டுவதைக்கூட, அந்த மின்னேற்றம் இறங்கிவிட்டதா என்று மல்டிமீற்றரால் பார்க்கத் தெரிந்த ஒருவர் சரி சொன்ன பிறகே செய்ய வேண்டும். எங்கள் ஓடாவியாரும் வெளி விளிம்பை மட்டுமே அளந்தார். மேலும், இந்தக் காலத்து ஓர்கன்கள் பலவற்றில் மின்கம்பி இரண்டு இழைகள் கொண்டது. எர்த் இழை கிடையாது. எங்களுடையதில் பியூஸும் இருக்கவில்லை. தேவாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, மழைநாளில் ஈரச் சீமெந்துத் தரையில் நிற்பவர்கள் நாங்கள். மூடியைப் பற்றி யோசிக்க முன்னரே, தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு மூன்று இழைக் கம்பி போட்டு, உள்ளிருக்கும் உலோக அடித்தட்டை எர்த்தோடு இணைத்து, பொருத்தமான பியூஸும் வைப்பித்து, கட்டடத்தின் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதே முதல் வேலை. உலோக வலையால் மூட நினைப்பவர்களுக்கு இதை விட்டால் வேறு வழியே கிடையாது.

ஏனென்று சொல்கிறேன். திருத்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, உதவ முன்வந்த தம்பி ஒருவர் நுளம்பு வராமல் யன்னலுக்கு அடிக்கும் அலுமினிய வலையைக் கொண்டுவந்து, பெட்டியின் குறுக்கே நேராக இழுத்துப் பின்களால் அடித்துப் பொருத்தினார். ரேடியோ திருத்தும் பெரியவர் வந்து, பிளக் கழற்றியிருப்பதைப் பார்த்துக்கொண்டு, வலையின் நடுவில் ஒரு விரலால் அழுத்தினார். வலை உள்ளே வளைந்து, கம்பிகள் பற்றவைத்திருந்த முனைகளில் போய் முட்டியது. "இதுக்குள்ள கரண்ட் ஓடியிருந்தா, தொட்ட பிள்ளையின் கதி என்ன மகள்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த வலை அன்றே கழற்றப்பட்டது. அதற்குப் பிறகு எந்த மூடியையும் நான் இந்த ஒரு சோதனையால்தான் மதிப்பிடுகிறேன்: ஒரு பிள்ளை முழுப் பலத்தோடு சாய்ந்தாலும் அது உள்ளே எதையும் தொடக் கூடாது.

என்ன பொருளால் மூடுவது என்பதைப் பலரிடம் கேட்டு, கடைகளில் தொட்டுப் பார்த்து முடிவுசெய்தோம். துணி வேண்டாம். நைலோன் நுளம்பு வலையும் பச்சை நிழல்வலையும் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும், தீப்பற்றும். துளையிட்ட ஹார்ட்போர்ட் நல்லது என்று பலர் சொன்னார்கள். மின்சாரம் கடத்தாது என்பது அதன் பெரிய நன்மை. ஆனால் 25 மில்லிமீற்றருக்கு ஒன்றாக 5 மில்லிமீற்றர் துளை போட்ட பலகையில் திறந்திருக்கும் பரப்பு மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று அளவுதான் வரும். அது மூடிய பலகைக்குக் கிட்டத்தட்டச் சமன். கால் அங்குலக் கண் கொண்ட ஒட்டுக்கம்பி வலையிலோ ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு திறந்தே இருக்கும், சுண்டெலியும் நுழையாது. எங்கள் தேர்வு அதுதான். கல்வனைஸ் செய்த வலை வாவிக்காற்றில் துருப்பிடிக்கும் என்பதால், விலை கூடினாலும் துருப்பிடிக்காத உருக்கு வலையை வாங்கினோம்.

ஓடாவியார் செய்துதந்த சட்டத்தைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஓர்கனின் பின் விளிம்புக்குச் சரியாகப் பொருந்தும் தேக்கஞ் சட்டம். நடுவில் குறுக்காக ஒன்றும் நெடுக்காக ஒன்றும் தாங்குகட்டைகள். வலை சட்டத்தின் வெளிப்பக்கத்தில் இறுக்கமாக இழுத்துப் பொருத்தப்பட்டு, விளிம்பில் ஒரு மெல்லிய மரப்பட்டியால் மூடப்பட்டிருக்கிறது. வெட்டிய கம்பி முனை எதுவும் கையில் படாது, உள்ளேயும் நீளாது. வெளிப்பக்கத்தில் பொருத்தியதால் சட்டத்தின் தடிப்பு முழுவதும் வலைக்கும் உள் பாகங்களுக்கும் இடையே கூடுதல் இடைவெளியாகக் கிடைக்கிறது. தாழ்ந்த சுரங்கள் ஒலிக்கும்போது வலை அதிர்ந்து சத்தமிடாமலிருக்கச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே கம்பளிப் பட்டி ஒட்டினோம். ஆணி ஒன்றுகூட இல்லை. பித்தளைத் திருகுகள் மட்டும். பிள்ளைகள் வெறுங்கையால் திறக்க முடியாது, திருகாணி ஓட்டி உள்ளவர் சில நிமிடங்களில் திறந்துவிடலாம். வலையிலிருந்து ஓர்கனின் எர்த் இணைப்புக்குப் பச்சை மஞ்சள் கம்பி ஒன்று மின்னியலாளரால் பூட்டப்பட்டது. சட்டத்தைக் கழற்றித் தரையில் சாய்த்து வைத்தாலும் அறுபடாத அளவுக்கு அந்தக் கம்பி நீளமாக விடப்பட்டிருக்கிறது. "பிளக்கைக் கழற்றாமல் திறக்க வேண்டாம்" என்று மேற்சட்டத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். வலை, மரம், கூலி எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய்தான் முடிந்தது. இந்தத் தொகையை முதலிலேயே செலவழித்திருந்தால் மற்ற எதுவும் நடந்திராது என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.

பூட்டிய பின் சூட்டை அளந்து பார்த்தோம். பின்புறம் முற்றிலும் திறந்திருக்க ஒரு மணி நேரம் ஓடவிட்டு உள்ளே தொங்கவிட்ட வெப்பமானியைப் பார்த்தோம். பிறகு சட்டத்தைப் பூட்டி அதே நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். வித்தியாசம் இரண்டு பாகையைத் தாண்டவில்லை. எந்த மூடி போட்டாலும் இதைச் செய்து பாருங்கள், வெப்பமானி வாங்கும் செலவு பெரிதல்ல. சூடான காற்று மேலே ஏறும்போது அதன் இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த காற்று வந்தால்தான் ஓட்டம் நடக்கும். ஆகவே கீழ்ப்பகுதியைத் தகட்டால் அடைத்துவிட்டு மேலே மட்டும் வலை விடுவது பயன் தராது. சுவரோடு ஒட்டி நிற்கும் ஓர்கனாக இருந்தால் ஒரு சாணாவது இடைவெளி விட வேண்டும். தூசிக்காகத் துணி போர்த்துவதென்றால், ஓர்கனை நிறுத்தி நன்றாக ஆறிய பின்னர் பருத்தித் துணியால் போர்த்துங்கள்; மீண்டும் போடும்போது அதை முழுவதுமாக அகற்றிவிடுங்கள்.

எலிக்கு முன்வாசலையும் அடைக்க வேண்டியிருந்தது. மிதிகட்டைகள் ஏறி இறங்குவதற்கு வேண்டிய இடத்தை மட்டும் விட்டு, மேலும் கீழும் மெல்லிய தகரப் பட்டிகளை மடித்துத் திருகினோம். மிதிகட்டைகள் அவற்றில் உரசாதா என்று ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்த பிறகே இறுக்கினோம். எலி மருந்து வைப்பதை நான் அனுமதிக்கவில்லை. மருந்து தின்ற எலி சக்கரங்களின் அடியில் போய்ச் செத்தால், அதை எடுக்க ஓர்கனையே பிரிக்க வேண்டி வரும். மண்டபத்தில் பொறி வைப்பதே போதும்.

கழற்றக்கூடிய மூடி ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் எண்ணெய். சுழலும் சக்கரங்களுக்கும் மோட்டருக்கும் வருடத்துக்கு ஒருமுறை இதற்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் விட வேண்டும். உள்ளே ஓடும் பருத்தி நூல்கள் அதை உறிஞ்சி அச்சுகளுக்குக் கொண்டுசெல்லும். தையல் மெஷின் எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ கிறீஸோ விட்டால் காலப்போக்கில் அந்த நூல்கள் பிசின் பிடித்து அடைத்துக்கொள்ளும். எங்களுடையதில் ஆணி அடித்த பலகையால் எண்ணெய் விடும் தவணை தவறிப்போய், நூல்கள் காய்ந்து, ஸ்டார்ட் சுவிச்சை எட்டுச் செக்கன் பிடித்தும் மோட்டர் வேகம் எடுக்கத் தயங்கியது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, பொறுமையாகச் சில வாரம் கழித்துத்தான் பழைய ஓட்டம் திரும்பியது. இப்போது எண்ணெய் விட்ட திகதியைச் சட்டத்தின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறோம்.

கடந்த மாரி முடிந்து சட்டத்தைக் கழற்றியபோது வலை பளிச்சென்றே இருந்தது. ஆனால் எர்த் கம்பியைப் பற்றியிருந்த பித்தளைத் திருகின் தலையில் பச்சை பூத்திருந்தது. மின்னியலாளர் அதைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, புதிய வளையம் போட்டு இறுக்கி, பிளக்கின் எர்த் முள்ளுக்கும் வலைக்கும் இடையிலான தடையை மல்டிமீற்றரால் அளந்தார். ஒரு ஓமுக்குக் குறைவாகவே காட்டியது. ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் இதை அளக்க வேண்டும் என்று தேவாலயப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கிறேன்.